பத்து நிமிஷம்

பாலாற்றங்கரையில், வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே, பள்ளிகொண்டா என்றோர் ஊர் உளது. உத்தர ரங்கநாதர் பள்ளிகொண்ட ஸ்தலமாதலின் அதற்கு அப்பெயர் வந்தது. பெருகி வந்த நதியைத் தடுக்கும் பொருட்டுத் திருமால் அதன் குறுக்கே சயனித்தார் என்பது ஸ்தல புராணம். புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆயினும் ஓர் ஊர் தன் பெயரிலேயே ஓய்வைத் தாங்கி நிற்பது சிந்திக்கத் தக்கதே யாகும்.

இன்று அவ்வூரின் பக்கத்தே இரவும் பகலும் ஓடுவது வேறொரு பெருக்கு. சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலை அவ்வழியே செல்கிறது. சாலையில் சுங்கச் சாவடி ஒன்றும் இருக்கிறது. முன்னெல்லாம் மோட்டார் வண்டிகள் அங்கே வரிசையாய்க் காத்து நிற்கும். 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பாஸ்டாக் என்னும் ஒட்டுச் சீட்டு தேசமெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. காசை எண்ணிக் கொடுத்து ரசீது வாங்கும் நேரம் மிச்சமாயிற்று. நல்ல ஏற்பாடுதான், நாம் குறை கூறவில்லை. ஆனால் மிச்சமான நிமிஷங்கள் எங்கே போயின என்று மட்டும் கேட்கிறோம். அவற்றைக் கொண்டு வீட்டுக்குச் சற்று முன்னதாகச் சென்று குழந்தையோடு பேசியவர் எத்தனை பேர்? மிச்சம் பிடித்த பணம் பெட்டியில் இருக்கும். மிச்சம் பிடித்த நேரமோ எந்தப் பெட்டியிலும் தங்குவதில்லை. அடுத்த வேலை வந்து அதை விழுங்கிவிடுகிறது.

விடியற்காலையில் டபராவில் ஆற்றிக் குடிக்கும் காப்பி. மழை ஓய்ந்த மறுநாள் தெற்கே ஜவ்வாது மலை கழுவிவிட்டாற்போல் தெளிவாய்த் தெரிவது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்த சிறு பெண் மூச்சுவாங்கச் சொல்லும் கதை. திண்ணையில் வந்து உட்கார்ந்த பழைய நண்பரோடு ஒரு காரியமும் இல்லாமல் பேசும் பேச்சு. ஆம்பூரில் கத்தரிக்காய்த் தொக்குடன் பிரியாணியை அவசரமின்றி உண்ணும் மத்தியானம். இவையெல்லாம் சிறு பொழுதுகள். இவற்றுக்குச் செலவு சொற்பம். சிலவற்றுக்குச் செலவே இல்லை. மனிதன் கடைசிக் காலத்தில் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கையில் நினைவில் நிற்பவை பெரும்பாலும் இவையே.

“தேசத்தின் முன் எத்தனையோ பெரும் பிரச்னைகள் இருக்க, காப்பியையும் மலையையும் பற்றித் தலையங்கம் எழுதவும் வேண்டுமோ?” என்று பொதுத்தொண்டில் ஈடுபட்ட வாலிப நண்பர்கள் கேட்கக் கூடும். கேட்க வேண்டியதே. நமது பதில் இது: இச் சிறு பொழுதுகள் பொதுக் காரியத்துக்குப் புறம்பானவை யல்ல, பொதுக் காரியத்தின் பயனே இவைதான். வரி குறைய வேண்டும், கூலி உயர வேண்டும், நீதி கிடைக்க வேண்டும் என்று நாம் போராடுவது எதற்காக? ஒரு குடியானவன் கடன்காரனை எண்ணி நடுங்காமல் தன் வாசலில் அரை நாழிகை உட்கார்ந்திருப்பதற்காக. ஒரு தொழிலாளி தன் சோற்றை மென்று தின்பதற்காக. அந்த அரை நாழிகையின் அருமையைத் தன் வாழ்வில் அறியாதவன் பிறருக்காக அதைக் கேட்டு வாங்கப் போவது எங்ஙனம்?

வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு வாய்தா என்னும் சொல்லின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. இன்று வேண்டாம், அடுத்த மாதம். அடுத்த மாதமும் வேண்டாம், கோடை விடுமுறைக்குப் பின். இப்படியே கக்ஷிக்காரனின் தலை நரைத்துவிடும். நம்மிற் பலர் இன்பத்துக்கும் இவ்வாறே வாய்தா வாங்கி வருகிறோம். இந்தத் தேர்தல் முடியட்டும், இந்த மாநாடு நடந்தேறட்டும், பெண்ணின் விவாகம் ஆகட்டும், பிறகு நிம்மதியாய் உட்காரலாம் என்கிறோம். விசாரணைக்கு வராமலே தள்ளுபடியாகும் வழக்கைப் போல் வாழ்நாள் கழிந்துவிடுகிறது.

சிறு பொழுது ஒன்று கிட்டுவதற்கு மூன்று வேண்டும்: காலம் வேண்டும், இடம் வேண்டும், மனம் வேண்டும். உபதேசம் செய்பவர்கள் பெரும்பாலும் மனத்தைப் பற்றியே பேசுவார்கள். கவனித்துப் பார், கண்ணைத் திற, அழகு எங்கும் இருக்கிறது என்பார்கள். மெய்தான். ஆயினும் காலமும் இடமும் பறிபோனவனிடம் மனத்தைப் பற்றிப் பேசுவது, இலை போடாமலே விருந்தின் சுவையை வர்ணிப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் காலத்தை எடுத்துக் கொள்வோம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது யாரோ மனமிரங்கி அளித்த தானமன்று. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் மில் தொழிலாளரைத் திரட்டிப் பல ஆண்டுகள் கிளர்ச்சி செய்து, 1890-ல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைப் பெற்றுத் தந்தார். நம் தமிழ்நாட்டில் 1908-ம் வருஷம் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அதற்குத் தலைமை வகித்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. கடலில் சுதேசிக் கப்பல் ஓட்டிய பெருமகன், ஆலைக் கூலிகளின் வார விடுமுறைக்காகவும் வாதாடினார் என்பதை நம் நண்பர்கள் கவனிக்க வேண்டும். சுயராஜ்யமும் ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வெவ்வேறு காரியங்களாகத் தோன்றவில்லை.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின், 1918 ஏப்ரலில், சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் உழைத்தவர்களின் குறைகளைச் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் கேட்டறிந்து பி. பி. வாடியாவிடம் கொண்டு சென்றனர், திரு. வி. கலியாணசுந்தரனாரும் துணை நின்றார். அச் சங்கத்தின் முதற் கோரிக்கைகளுள் ஒன்று என்ன? மத்தியானச் சாப்பாட்டுக்கு விடும் அரை மணி நேரம் போதாது. அதை 40 நிமிஷமாக்க வேண்டும் என்பது. பத்து நிமிஷம்! இந்தியத் தொழிற்சங்க சரித்திரத்தின் முதல் அத்தியாயத்தில் பொறிக்கப்பட்டிருப்பது இந்தப் பத்து நிமிஷமே. கை கழுவி, நிழல் தேடி, உட்கார்ந்து, உண்டு, ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டு, அடுத்தவனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்திருக்க வேண்டிய நேரம் அது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1923-ல், சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தின விழாவை நடத்தினார்.

சட்டத்தின் கதையும் இதையே சொல்கிறது. 1911-ம் வருஷத்துச் சட்டம் நெசவாலைகளில் வயது வந்த ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. 1922-ல் அது 11 ஆயிற்று. 1934-ல் 10 ஆயிற்று. சுதந்திரம் வந்த மறு ஆண்டு, 1948-ல், தொழிற்சாலைச் சட்டம் அதை 9 ஆக்கி, வாரத்துக்கு 48 மணிக்கு மேல் கூடாதென விதித்தது. 3 மணி நேரம் குறைவதற்கு 37 ஆண்டுகள் பிடித்தன. ஒவ்வொரு மணிக்கும் சிறை சென்றவர்கள் உண்டு. வேலை இழந்தவர்கள் உண்டு.

இவ்வாறு பெற்ற பொருளுக்கு நம் காலத்திலும் ஆபத்து நேர்ந்தது. 2023-ம் வருஷம் ஏப்ரல் 21-ம் தேதி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்க இடமளிக்கும் மசோதா ஒன்று தமிழ்நாடு சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பவே, மூன்று நாட்களில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். மசோதாவை ஆதரித்தவர்களின் வாதத்தையும் நியாயமாய் எடுத்துரைக்க வேண்டும். வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது. நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் ஓய்வு கிடைக்கும். விரும்பியவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்றனர். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மனித வாழ்க்கைதான் அக்கணக்குக்குள் அடங்கவில்லை.

நான்கு நாள் பட்டினி கிடந்து ஐந்தாம் நாள் ஐந்து இலைச் சாப்பாட்டையும் ஒருவன் உண்ண முடியுமா? சாயங்காலங்களும் அப்படியே. திங்கட்கிழமை இரவு குழந்தை கேட்ட கதையை வெள்ளிக்கிழமை சொல்லலாமென்றால், வெள்ளிக்கிழமை அக்குழந்தை அதைக் கேட்பதில்லை. சிறு பொழுதுகளைச் சேர்த்துக் கட்டி மூட்டையாய்க் கொடுக்க இயலாது. அவை அன்றன்றைய ஜீவனம். 12 மணி வேலையும், போக வர இரண்டு மணிப் பிரயாணமும் ஆனபின் அந்நாளில் எஞ்சுவது தூக்கம் ஒன்றுதான். “விரும்பியவர்களுக்கு மட்டும்” என்பதும் பெயரளவில்தான். முதலாளியிடம் கூலி வாங்குபவனின் விருப்பம் எவ்வளவு சுதந்திரமானது என்பதை நம் நேயர்கள் அறிவார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், பெங்களூரில் பெரும் ஸ்தாபனத்தை உருவாக்கிய ஸ்ரீ நாராயண மூர்த்தி, தேச முன்னேற்றத்துக்காக வாலிபர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டுமென்று கூறினார். அவருடைய உழைப்பையும் தேச நலத்தில் அவருக்குள்ள அக்கறையையும் நாம் மதிக்கிறோம். தன் கனவுக்காகத் தானே உவந்து இராப்பகலாய் உழைப்பவனை யாரும் தடுக்கவில்லை. ஆனால் தன் கனவுக்கு உழைப்பது வேறு. பிறன் கணக்குக்கு உழைப்பது வேறு. முன்னதை அளவுகோலாக வைத்துப் பின்னதை அளப்பது நீதியன்று.

நாம் சோம்பலுக்குப் பரிந்து பேசுவதாக எவரும் எண்ண வேண்டாம். சோம்பேறிக்குச் சிறு பொழுதின் ருசி தெரியாது. அவனுக்கு எல்லாப் பொழுதும் ஒன்றுதான். உழைத்துக் களைத்தவனுக்கே நிழல் இனிக்கும்.

இனி அத் தோல் பிரதேசத்தின் நிலைமைக்கு வருவோம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் பதனிடும் தோலும், தைக்கும் ஜோடுகளும் உலகமெங்கும் செல்கின்றன. ஜோடுத் தொழிற்சாலைகளில் உழைப்பவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். கிராமங்களிலிருந்து அதிகாலையில் வண்டியேறிச் சென்று பொழுது சாய்ந்து திரும்புகிறார்கள். இவர்களையன்றி, வீட்டிலிருந்தபடியே ஜோட்டின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்களும் ஆம்பூர்ப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று அவர்களுக்குக் கூலி. தொழிற்சாலைக்காவது சங்கு உண்டு. சங்கு ஊதினால் வேலை ஓயும். வீட்டில் ஊசி பிடிப்பவளுக்குச் சங்கு ஊதுபவர் யார்? மற்றவர்கள் இளைப்பாறும் திண்ணையே அவளுக்குத் தொழிற்சாலை. அடுப்பில் உலை கொதிக்கும் நேரமும் தையலுக்குச் சொந்தமாகிவிடுகிறது.

கடைகளில் நின்றபடியே வேலை செய்யும் பெண்களைப் பற்றியும் ஒரு சொல். ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை உட்கார இடமின்றி நின்ற பெண்களின் முறையீட்டால், கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் கடை ஊழியர்களுக்கு ஆசனம் அளிக்க வேண்டுமெனச் சட்டம் திருத்தின. ஒரு நாற்காலி! ஒரு மனுஷி வாடிக்கைக்காரர் இல்லாத வேளையில் சிறிது உட்காருவதற்குச் சட்டசபை கூடிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. சிறு பொழுது அற்ப விஷயமென்று கூறுபவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்?

நம் நேயர்களிற் பெரும்பாலோர் ஆடவர். ஆதலின் அவர்களிடம் ஒன்றை ஒளிக்காமல் கேட்க வேண்டியிருக்கிறது. காலையில் பத்திரிகையை விரித்துக்கொண்டு நிதானமாய் அருந்தும் காப்பி நமக்கு இனிய பொழுதுதான். அந்தக் காப்பியைக் கலந்து கொடுத்தவர் தமது காப்பியை எப்போது குடித்தார்? உட்கார்ந்து குடித்தாரா, அடுப்பின் பக்கத்தில் நின்றபடி ஆறிப்போன பின் குடித்தாரா? ஆலை முதலாளியிடம் பத்து நிமிஷம் கேட்கும் நாம், நம் வீட்டுப் பெண்டிரின் பத்து நிமிஷத்தைக் கேளாமலே எடுத்துக் கொள்கிறோமல்லவா? தொழிலாளர் தினத்தில் மேடையேறும் தலைவர்கள் இதற்கு முதலில் தங்கள் வீட்டிலே விடை தேட வேண்டும்.

இரண்டாவது இடம். மாலையில் ஆற்று மணலில் சென்று உட்காருவது நம் முன்னோருக்கு இருந்த பெருஞ் செல்வம். ஏழைக்கும் பணக்காரனுக்கும் அங்கே ஒரே ஆசனம். பாலாற்றின் கதியை இன்று என்னென்று சொல்வது! ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதனிட்ட காலத்தில் ஒரு தோல் பக்குவமாக வாரக்கணக்கில் ஆகும். குரோமிய முறை வந்த பின் அவ்வேலை மிக விரைவில் முடிந்துவிடுகிறது. விரைவு வந்தது, வியாபாரம் பெருகியது, பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஜீவனமும் கிடைத்தது. கழிவு நீரோ ஆற்றிலும் கிணற்றிலும் சேர்ந்தது. வேலூர்ப் பிரஜைகளின் நலச் சங்கம் 1991-ல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் பிரசித்திபெற்ற தீர்ப்பை வழங்கியது. கெடுத்தவனே சீர்ப்படுத்தும் செலவை ஏற்க வேண்டும் என்னும் நியாயத்தை இத்தேசத்துச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆயினும் 2025 ஜனவரியில் அதே விஷயம் மீண்டும் அந்நீதிமன்றத்தின் முன் வந்து, பாதிக்கப்பட்டோருக்கு நஷ்ட ஈடு தரும்படி மறுபடியும் கட்டளையிட வேண்டியிருந்தது. சுமார் முப்பது ஆண்டுகள்! தீர்ப்பு வந்த நாளில் பிறந்த குழந்தை இன்று தன் குழந்தையைக் கையில் பிடித்துச் செல்லும் வயதை அடைந்துவிட்டது.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது, சேதங்களுக்கிடையிலும் ஜனங்கள் கரையிலும் பாலங்களிலும் நின்று ஓடும் நீரைக் கண்குளிரப் பார்த்தார்கள். ஆற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்ப்பது ஓர் அதிசயமாகிவிட்டது என்பதிலேயே நாம் இழந்தது இன்னதென்று விளங்கும். பணம் படைத்தவன் மலைவாசஸ்தலத்துக்குப் போய் மாலைப் பொழுதை விலைக்கு வாங்கிக் கொள்வான். ஏழைக்கு ஆறுதான் மலைவாசஸ்தலம். ஆற்றைக் கெடுத்தவர்கள் அவனுடைய குடிநீரோடு அவனுடைய சாயங்காலத்தையும் எடுத்துக் கொண்டார்கள்.

மூன்றாவது மனம். காலமும் இடமும் பெற்றிருந்தும் மனமில்லாமல் இழப்பவர்கள் நம்மைப் போன்றவர்களே. கையிலுள்ள தொலைபேசி நம்மை எவ்விடத்திலும் இருக்க விடுவதில்லை. சாப்பிடும்போது டில்லிச் செய்தி. டில்லியில் இருக்கும்போது ஊர்ச் செய்தி. தகப்பனார் பேசிக்கொண்டிருக்கையில் மகனின் கண் கைப்பெட்டியில் இருக்கிறது. மகன் பேசும்போது தகப்பனாரின் கண்ணும் அங்கேதான். காந்தியடிகளை விட அதிகமான அலுவல் உடையவர்கள் நம்மில் யாரேனும் உண்டோ? அவர் திங்கட்கிழமை தோறும் மௌனம் காத்தார், நாள்தோறும் நடந்தார், நாள்தோறும் நூற்றார். ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்து நின்றவருக்கு இராட்டையின் முன் அமர நேரம் இருந்தது. நமக்கு இல்லையென்றால் குறை கடிகாரத்தில் இல்லை.

ஆகவே பொதுத் தொண்டர்களுக்கு நாம் சொல்ல விரும்புவன சில உண்டு. கூட்டத்தைக் குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடியுங்கள். தலைவர் வருகைக்காக இரண்டு மணி நேரம் காத்திருக்கும் ஆயிரம் பேரிடமிருந்து இரண்டாயிரம் மணி நேரம் பறிபோகிறது. வேலை நேரத்தை நீட்டும் யோசனை எந்தப் பெயரில், எந்தக் கட்சியிடமிருந்து வந்தாலும், வாரக் கணக்கைப் பார்க்குமுன் நாள் கணக்கைப் பாருங்கள். வீட்டில் ஊசி பிடிக்கும் பெண்களின் கூலியையும் நேரத்தையும் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். ஆற்றங்கரையைக் காக்கும் வேலையை நீதிமன்றத்தின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு இராதீர்கள். இவற்றோடு, பிரதி தினமும் ஒரு வேளையாவது வீட்டாருடன் உட்கார்ந்து, வேறு நினைவின்றிச் சாப்பிடுங்கள். இது சுகபோகமன்று, நாம் எதற்காக உழைக்கிறோம் என்பதை மறவாதிருப்பதற்கான அப்பியாசம்.

1918-ல் பெரம்பூர்த் தொழிலாளர் கேட்ட பத்து நிமிஷத்தை அற்பமென்று நகைத்தவர்கள் இருந்திருக்கலாம். ஆனால் அதைக் கேட்டவர்கள் சிறியதொன்றைக் கேட்கவில்லை. இயந்திரத்துக்கு எண்ணெய் இடுவது போல் வயிற்றுக்குச் சோறு இட்டுக்கொண்டு ஓட நாங்கள் இயந்திரங்களல்ல. மனிதரைப் போல் உட்கார்ந்து உண்ண எங்களுக்கும் உரிமை உண்டு என்றார்கள். அவ்வுரிமை கிடைத்தவர்கள் அதை வீணாக்காதிருக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். கிடைக்காதவர்களுக்கு அதைப் பெற்றுத் தரவும் கடமைப்பட்டிருக்கிறார்கள்.